கன்ட்ரோல்-சி அழுத்தியும் நிற்காத நிரல்கள்

கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் இயங்குதளப் பாடம் நடக்கும் பருவத்தில் ஒரு குரல் அடிக்கடி கேட்கும்: “சார், ஹேங் ஆயிடுச்சு.” மாணவர் லினக்ஸ் டெர்மினலில் ஒரு நிரலை ஓட விட்டிருப்பார். அது முடிகிற வழியாக இருக்காது. கன்ட்ரோல்-சி அழுத்துவார். திரையில் தொப்பிக்குறியும் சி எழுத்தும் வரிசையாக விழும். நிரல் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து டெர்மினல் சன்னலை மூடிப் பார்ப்பார். பிறகு பக்கத்து இருக்கை நண்பர் சொல்லிக்கொடுத்த ‘கில் -9’. அதுவும் பலிக்காவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது.

இந்த மூன்று செயலும் நிரல் ஏன் நிற்கவில்லை என்று பார்க்காமலே எடுக்கப்படுபவை. ‘ஹேங்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் அடைத்து வைத்திருக்கும் கோளாறுகளுக்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. கன்ட்ரோல்-சி ஒரு வேண்டுகோள். அதை ஏற்பதும் மறுப்பதும் தள்ளிப்போடுவதும் வழியில் உள்ள டெர்மினல், கர்னல், ஷெல், நிரல் ஆகிய நால்வர் கையில் இருக்கிறது. யார் மறுத்தார் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தக் கேள்வியின் பாதி. மறுத்தவர் செய்தது சரியா என்று கேட்பது மீதிப் பாதி. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

தருமபுரி போன்ற மாவட்டத்துக்கு இது நெருக்கமான விஷயம். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளம்தான் பென்னாகரத்திலும் அரூரிலும் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் லினக்ஸாக இருந்திருக்கும். 2012 முதல் வரும் ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்துவருகிறது. கருவியும் கையில் இருக்கிறது, தமிழில் படிக்கவும் கிடைக்கிறது. சிக்னல் என்ற இந்தச் சின்னப் பகுதி மட்டும் வகுப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

விசை எப்படிப் பயணம் செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கன்ட்ரோலும் சியும் சேர்ந்து அழுத்தப்பட்டால் டெர்மினல் அனுப்புவது ஒரே ஒரு பைட். ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 3. கர்னலுக்குள் டெர்மினலைக் கவனிக்கும் பகுதிக்கு லைன் டிசிப்ளின் என்று பெயர். வருகிற பைட்டுகளை அது ஒவ்வொன்றாகப் பார்க்கும். ‘ஐசிக்’ என்ற அமைப்பு இயங்கும் நிலையில் இருந்து, வந்த பைட் இடைமறிப்பு எழுத்தாகவும் இருந்தால், அதை நிரலிடம் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு, முன்னணியில் ஓடும் பிராசஸ் குழு முழுவதற்கும் சிக்-இன்ட் என்ற 2-ஆம் எண் சிக்னலை அனுப்பும். முன்னணிக் குழு எது என்று கர்னலுக்குச் சொல்லி வைப்பது ஷெல்லின் வேலை. சிக்னல் பெற்ற நிரல் தனக்கென்று எந்த ஏற்பாடும் செய்துகொள்ளாதிருந்தால் அதன் கதை அங்கேயே முடியும். ஏற்பாடு செய்திருந்தால் அதன் இஷ்டம்.

இந்த அமைப்பு ஒரே கையால் எழுதப்பட்டதல்ல. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இடைமறிப்புக்கு டெலிட் விசைதான். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் இயந்திரங்களில் புழங்கிய கன்ட்ரோல்-சி பிறகு பெர்க்லி யூனிக்ஸில் நிலைத்தது. வேலைகளை முன்னணி, பின்னணி என்று பிரித்து ஆளும் ஜாப் கன்ட்ரோலை முதலில் எழுதியவர் ஆஸ்திரியாவில் உள்ள ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ. ஆய்வு நிறுவனத்தின் ஜிம் கல்ப். 1980 வாக்கில் அது பெர்க்லி வெளியீட்டில் சேர்ந்தது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊரில் ஒட்டப்பட்ட பகுதிகள் என்பதால் ஒட்டுப்போட்ட இடங்களில்தான் சிக்கலும் வருகிறது.

முதல் இடம் டெர்மினலே. விஐ போன்ற எடிட்டர்கள் எல்லா விசைகளையும் தாமே கையாள விரும்புவதால் டெர்மினலின் வழக்கமான அமைப்புகளை மாற்றிவைக்கும். ‘ஐசிக்’கையும் சேர்த்து அணைக்கும் நிரல்களில் கன்ட்ரோல்-சி வெறும் 3-ஆம் எண் எழுத்தாகவே நிரலுக்குப் போய்ச் சேரும். இப்படி மாற்றிவைத்த நிரல் பாதியில் செத்துப்போனால் டெர்மினல் அதே நிலையில் மாட்டிக்கொள்ளும். அடுத்து ஓடும் எதுவும் கன்ட்ரோல்-சிக்கு மசியாது. ‘எஸ்.டி.டி.ஒய். சேன்’ என்று தட்டச்சு செய்து கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் சரியாகும். தட்டும் எழுத்து திரையில் தெரியாமல் போகலாம். தெரியாவிட்டாலும் தட்ட வேண்டும்.

இதன் மறுபக்கமாக ஒன்று உண்டு. வேர்டில் பழகிய கை ‘சேவ்’ செய்வதாக நினைத்துக் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிடும். டெர்மினலில் அது வெளியீட்டை நிறுத்திவைக்கும் விசை. திரை உறைந்துவிடும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ‘ஹேங்’ என்று நினைத்துக் கன்ட்ரோல்-சியால் கொன்றுவிடுவார்கள். கன்ட்ரோல்-கியூ அழுத்தியிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும்.

அடுத்தது நிரல். சி மொழியில் சிக்னல் கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதலில் எழுதுவது ஒரே பயிற்சிதான்: சிக்-இன்டுக்கு ஒரு ஹேண்ட்லர் வைத்து, அதற்குள் ‘சிக்னல் வந்தது’ என்று அச்சிடுவது. ஹேண்ட்லர் வைத்த கணத்திலேயே நிரலை முடிக்கும் பொறுப்பு கர்னலிடமிருந்து மாணவர் கைக்கு வந்துவிடுகிறது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கன்ட்ரோல்-சி அழுத்த அழுத்த வாக்கியம் வந்துகொண்டிருக்கும், நிரல் நிற்காது.

கொஞ்சம் தேறியவர் ஹேண்ட்லருக்குள் ஒரு மாறியை 1 ஆக்கிவிட்டு, வெளியே லூப் அந்த மாறியைப் பார்த்து முடியும்படி எழுதுவார். இது நல்ல பழக்கம். ஆனால் லூப்புக்குள் ‘ஸ்கேன்எஃப்’ உள்ளீட்டுக்காகக் காத்திருந்தால் அப்போதும் நிற்காது. லினக்ஸின் சி நூலகத்தில் ‘சிக்னல்’ என்ற பழைய செயற்கூறு மூலம் ஹேண்ட்லர் வைத்தால், இடையில் அறுபட்ட ‘ரீட்’ தானாகவே மறுபடி தொடங்கிவிடும். மாறி 1 ஆகிவிட்டது. அதைப் பார்க்க வேண்டிய லூப்போ இன்னும் ‘ரீட்’டுக்குள் காத்திருக்கிறது. ‘சிக்ஆக்‌ஷன்’ பயன்படுத்தி, மறுதொடக்கக் கொடியைப் போடாமல் விட்டால் ‘ரீட்’ ஈஇன்டர் என்ற பிழையோடு திரும்பி வரும், லூப் முடியும்.

காத்திருக்கும்போது சிக்னல் வந்தால் சிஸ்டம் கால் என்ன செய்ய வேண்டும் என்ற இந்தக் கேள்வி கணினித் துறையின் புகழ்பெற்ற வாதங்களில் ஒன்று. ரிச்சர்ட் கேப்ரியல் 1991-இல் வெளியான தம் கட்டுரையில், மட்டமானதே சிறந்தது என்ற தம் கருத்துக்கு இதையே எடுத்துக்காட்டாக வைத்தார். எம்.ஐ.டி. மரபில் இயங்குதளமே நிலையைப் பின்னோக்கிச் சீராக்கி, எதுவும் நடக்காததுபோல் வேலையை மறுபடி தொடங்க வைக்கும். யூனிக்ஸ் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிரல் எழுதுபவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. 1983-இல் 4.2பி.எஸ்.டி. சில கால்களைத் தானாக மறுதொடக்கம் செய்யும்படி மாற்றியது. பைத்தான் 2015-இல் 3.5 பதிப்பில், பெப் 475 மூலம், தன் நூலக அளவில் அதே முடிவுக்கு வந்தது. பைத்தானில் ஒரு வேறுபாடு: மறுபடி தொடங்குவதற்கு முன் ஹேண்ட்லர் ஓடும், அது விதிவிலக்கை எழுப்பினால் காத்திருப்பு அங்கேயே முடியும். என் பார்வையில் இதுவரை வந்த தீர்வுகளில் இதுவே மேல்.

பைத்தான் என்றதும் இன்றைய மாணவர்களின் மிகப் பரவலான சிக்கலுக்கு வந்துவிட்டோம். அங்கே சிக்-இன்ட் ‘கீபோர்டு இன்டரப்ட்’ என்ற விதிவிலக்காக மாறி எழும்புகிறது. ஒரு வகையையும் குறிப்பிடாமல் வெறும் ‘எக்செப்ட்’ எழுதி, அதற்குள் ‘பாஸ்’ போட்டு, முழுவதையும் ‘வைல் ட்ரூ’வுக்குள் வைத்தால் நிறுத்தும் வேண்டுகோளும் மற்றப் பிழைகளோடு சேர்ந்து மறைந்துபோகும். இணையத்திலிருந்து தரவு இறக்கும் நிரல்கள் ‘எப்படியாவது ஓடட்டும்’ என்று இப்படித்தான் எழுதப்படுகின்றன. இதைத் தடுக்கவே 2006-இல் வந்த பைத்தான் 2.5, பெப் 352-இன்படி, கீபோர்டு இன்டரப்டை ‘எக்செப்ஷன்’ குடும்பத்திலிருந்து வெளியே எடுத்து ‘பேஸ்எக்செப்ஷன்’ கீழ் வைத்தது. ‘எக்செப்ட் எக்செப்ஷன்’ என்று எழுதினால் கன்ட்ரோல்-சி தப்பிவிடும். ஒரே ஒரு சொல் கூடுதல். அதைக்கூட எழுதாமல் விடும் பழக்கத்தை ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே திருத்த வேண்டும்.

பைத்தானில் வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஹேண்ட்லர் எப்போதும் முதன்மைத் திரெட்டில்தான், அதுவும் ஒரு பைட்கோடு கட்டளைக்கும் அடுத்ததற்கும் இடையில்தான் ஓடும். சி மொழியில் எழுதிய நூலகத்துக்குள் பெரிய அணிக்கணக்கு நடந்துகொண்டிருந்தால் அது திரும்பி வரும்வரை கன்ட்ரோல்-சி காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, முதன்மைத் திரெட் செத்தாலும் டீமன் என்று குறிக்கப்படாத மற்றத் திரெட்டுகள் முடியும்வரை இன்டர்பிரட்டர் வெளியேறாது. ஜூபிட்டர் நோட்புக்கில் உள்ள நிறுத்தும் பொத்தானும் லினக்ஸில் இதே சிக்-இன்டைத்தான் அனுப்புகிறது. ஆகவே அங்கும் இதே தாமதம்தான்.

ஹேண்ட்லருக்குள் என்ன செய்யலாம் என்பதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. ‘பிரின்ட்எஃப்’, ‘மலாக்’ போன்றவற்றை அங்கே அழைத்தால், ஏற்கெனவே அதே செயற்கூற்றின் நடுவில் இருந்த நிரல் பூட்டிக்கொண்டு நின்றுவிடலாம். அப்போது சிக்-இன்டே ‘ஹேங்’குக்குக் காரணமாகிறது. இதைப் பாடப்புத்தக எச்சரிக்கை என்று ஒதுக்க முடியாது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ஓப்பன்-எஸ்.எஸ்.எச். பாதுகாப்பு ஓட்டை, சிக்னல் ஹேண்ட்லருக்குள் ‘சிஸ்லாக்’ அழைக்கப்பட்டதால் வந்தது. 2006-இல் அடைத்த அதே ஓட்டை 2020-இல் செய்த ஒரு மாற்றத்தால் மறுபடி திறந்துகொண்டது. உலகின் சர்வர்களில் பெரும்பகுதி நம்பியிருக்கும் நிரலிலேயே இது நடந்தது.

ஷெல்லுக்கு வருவோம். ஒரு பாஷ் ஸ்கிரிப்டில் லூப் போட்டு, அதற்குள் ஐந்து முறை பிங் அனுப்பும் கட்டளையை வைத்துக் கன்ட்ரோல்-சி அழுத்திப் பாருங்கள். பிங் நின்று தன் கணக்கை அச்சிடும்; உடனே அடுத்த பிங் தொடங்கிவிடும். ஸ்கிரிப்டில் ஷெல்லும் பிங்கும் ஒரே குழுவில் இருப்பதால் சிக்னல் இருவருக்குமே போகிறது. பாஷ் உடனே சாகாமல் தன் பிள்ளை எப்படி முடிந்தது என்று காத்திருந்து பார்க்கிறது. பிள்ளை சிக்-இன்டால் செத்திருந்தால் தானும் முடிகிறது. பிங்கோ சிக்னலைப் பிடித்து, கணக்குச் சொல்லி, இயல்பாக வெளியேறிவிட்டது. ‘அந்த விசையைப் பிள்ளை தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது’ என்று பாஷ் முடிவுக்கு வந்து லூப்பைத் தொடர்கிறது.

எரிச்சலூட்டினாலும் பாஷ் செய்வது சரி என்றே சொல்வேன். ஸ்கிரிப்ட் ஒன்று எடிட்டரைத் திறக்கிறது, உள்ளே பயனர் இடைமறிப்பு விசையை எடிட்டருக்கான கட்டளையாக அழுத்துகிறார் என்றால் வெளியே ஸ்கிரிப்ட் சாகக் கூடாது. மார்ட்டின் கிராகவர் இது பற்றி எழுதிய விளக்கத்தில் விதியைத் தெளிவாக வைத்திருக்கிறார்: சிக்-இன்டைப் பிடித்துத் துப்புரவு வேலை செய்யும் நிரல், வேலை முடிந்ததும் இயல்பு நிலையை மீட்டுத் தனக்குத் தானே சிக்-இன்ட் அனுப்பிக்கொண்டு சாக வேண்டும். 130 என்ற எண்ணோடு வெளியேறுவது போதாது. மேலே காத்திருக்கும் ஷெல் எண்ணைப் பார்ப்பதில்லை, சாவின் காரணத்தைப் பார்க்கிறது. இந்த விதியைப் பின்பற்றாத நிரல்களைப் பயன்படுத்தும்போது ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘ட்ராப்’ கட்டளையால் சிக்-இன்டுக்கு வெளியேறும் வழி வைத்துவிட வேண்டும்.

ஸ்கிரிப்டுக்குள் வால் பகுதியில் ‘அண்ட்’ குறி போட்டுப் பின்னணிக்கு அனுப்பிய நிரலும் கன்ட்ரோல்-சிக்கு அசையாது. ஜாப் கன்ட்ரோல் இல்லாத ஷெல், பின்னணி வேலைகளுக்குச் சிக்-இன்டைப் புறக்கணிக்கும்படி அமைத்துவிட வேண்டும் என்பது பாசிக்ஸ் தரத்திலேயே உள்ள விதி. புறக்கணிப்பு ‘எக்செக்’கைத் தாண்டியும் பிள்ளைகளுக்குப் போகும். சோதனைக்காக வெப் சர்வரைப் பின்னணியில் எழுப்பும் ஸ்கிரிப்டை நிறுத்தியபிறகு ‘போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று பிழை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நால்வரில் மிஞ்சியவர் கர்னல். ‘பி.எஸ்.’ கட்டளையின் நிலைப் பத்தியில் டி (D) என்ற எழுத்து தெரிந்தால் அந்தப் பிராசஸ் இடைமறிக்க முடியாத உறக்கத்தில் இருக்கிறது. சிக்னல் என்பது கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போன கடிதம் மாதிரி. ஆள் வீடு திரும்பினால்தான் பிரிப்பார். வட்டிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ பதில் வரக் காத்திருக்கும் பிராசஸ் அந்தக் காத்திருப்பிலிருந்து எழும்வரை ‘கில் -9’ உட்பட எதுவும் அதற்குப் போய்ச் சேராது. வட்டு சில மில்லிநொடிகளில் பதில் தரும் என்ற நம்பிக்கையில் பழைய யூனிக்ஸ் வைத்த ஏற்பாடு இது. பழுதான பென்டிரைவும், பதில் தராத என்.எஃப்.எஸ். சர்வரும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கின. 2008-இல் வந்த லினக்ஸ் 2.6.25-இல் மேத்யூ வில்காக்ஸின் உழைப்பால் ‘டாஸ்க் கில்லபிள்’ என்ற நடுநிலை சேர்ந்தது: சாதாரணச் சிக்னலுக்கு அசையாமல், கொல்லும் சிக்னலுக்கு மட்டும் எழும். என்.எஃப்.எஸ். இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறது. அதே பத்தியில் இசட் என்று இருந்தால் அது ஏற்கெனவே செத்த பிராசஸ். அதைக் கொல்ல முயல்வதில் பயனில்லை, பெற்ற பிராசஸ் ‘வெயிட்’ அழைக்காததே குறை. டி நிலை நீடித்தால் பென்டிரைவையோ நெட்வொர்க்கையோ பார்க்க வேண்டும்.

தருமபுரிப் பிள்ளைகள் பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஊரிலிருந்தபடியே மொபைல் இணைப்பில் தொலைவுச் சர்வருக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைபவர்களும் உண்டு. அங்கே கன்ட்ரோல்-சி பைட் வலைப்பின்னல் வழியே சென்று தொலைவில் உள்ள கர்னலில்தான் சிக்னலாக மாறுகிறது. அதற்குள் வழியில் கிளம்பிவிட்ட எழுத்துகள் திரையில் கொட்டித் தீரும்வரை நிரல் நிற்காததுபோலவே தோன்றும். இதைவிட ஆபத்தானது, எஸ்.எஸ்.எச். வரியிலேயே கட்டளையையும் சேர்த்து ஓட்டுவது. அப்போது தொலைவில் டெர்மினல் ஒதுக்கப்படுவதில்லை. கன்ட்ரோல்-சி நம் பக்கத்து எஸ்.எஸ்.எச்.சை மட்டும் முடிக்கும். அங்கே நிரல் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். ‘-டி’ (-t) விருப்பம் சேர்த்தால் டெர்மினல் கிடைக்கும், சிக்னலும் போகும்.

டாக்கர் கன்டெய்னருக்குள் நிரல் 1-ஆம் எண் பிராசஸாக ஓடுவதால், தானே ஹேண்ட்லர் வைக்காவிட்டால் சிக்-இன்டும் சிக்-டெர்மும் அதைத் தொடாது. ‘--இனிட்’ விருப்பம் 2017-இல் 1.13 பதிப்பில் இதற்காகவே வந்தது. விண்டோஸில் சிக்னலே கிடையாது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிரலுக்குள் புதிய திரெட் ஒன்று எழும்பி ஹேண்ட்லரை ஓட்டுகிறது. கிட் பாஷ் சன்னலில் விண்டோஸ் நிரல்கள் கன்ட்ரோல்-சிக்கு ஒழுங்காக மசியாததற்குக் காரணம் அந்தச் சன்னல் உண்மையான விண்டோஸ் கன்சோல் அல்ல என்பதே. 2018-இல் வந்த கான்-பி.டி.ஒய். வசதி இந்த இடைவெளியைக் குறைத்தது.

டர்போ சி++ஐ டாஸ்பாக்ஸில் வைத்து இன்றும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. டாஸ் கன்ட்ரோல்-சியைத் தன் உள்ளீடு-வெளியீட்டுச் சேவைகள் அழைக்கப்படும்போதுதான் கவனிக்கும். அச்சிடாத, எதையும் படிக்காத லூப்பை அது பார்ப்பதே இல்லை. கன்ட்ரோல்-பிரேக்கைத்தான் முயல வேண்டும். டர்போ சியில் நிரலை ஓட்டும் கன்ட்ரோல்-எஃப்9 விசை டாஸ்பாக்ஸில் முழுச் சன்னலையும் மூடும் விசை. சேமிக்காமல் எழுதிய நிரலை இதில் இழந்தவர்கள் ஏராளம்.

மறுப்பவர் செய்வது சரியா என்ற கேள்வி மீதம் இருக்கிறது. பல நேரம் சரியே. ஏ.பி.டி. மென்பொருள் நிறுவும்போது டி.பேக்கேஜ் ஓடும் கட்டத்தில் கன்ட்ரோல்-சியை வேண்டுமென்றே புறக்கணிக்கிறது. பாதி நிறுவிய நிலையில் கணினி நிற்கக் கூடாது என்பதே காரணம். பி-எஸ்க்யூஎல் கன்ட்ரோல்-சியைப் பெற்றதும் தனி இணைப்பு வழியாகச் சர்வரிடம் வினவலை ரத்து செய்யக் கேட்டுவிட்டு, தான் முடியாமல் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது. இந்த நிரல்களை ‘கில் -9’ போட்டு முடிப்பவர் அவை எடுத்துக்கொண்ட கவனத்தையெல்லாம் வீணாக்குகிறார். 9-ஆம் சிக்னலைப் பிடிக்க முடியாது. தற்காலிகக் கோப்பை அழிக்க, பூட்டை விட, டெர்மினலைச் சீராக்க நிரலுக்கு அவகாசமே கிடைக்காது. அடுத்த நாள் உபுண்டுவில் ‘டி.பேக்கேஜ் இடையில் நிறுத்தப்பட்டது’ என்ற செய்தியோடு எதுவும் நிறுவ முடியாமல் நிற்பவர் இதன் விளைவைத்தான் அனுபவிக்கிறார்.

நிற்காத நிரல்களில் குறை சொல்லத் தக்கவை வேறு: வேண்டுகோளைப் பிடித்துவிட்டு ஒன்றுமே செய்யாதவை. இவற்றை எழுதுபவர்கள் நாம்தான். ஆகவே திருத்தமும் வகுப்பறையில்தான் தொடங்க முடியும்.

தருமபுரி மாவட்டச் செட்டிக்கரையில் உள்ள அரசு பொறியியல் கல்லூரி உட்படத் தமிழ்நாட்டின் பல பொறியியல் கல்லூரிகள் பின்பற்றிய அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறையில், இயங்குதள ஆய்வகப் பயிற்சிகளில் ஃபோர்க், எக்சிட், கெட்பிட், வெயிட், குளோஸ் ஆகிய சிஸ்டம் கால்கள் பெயர் சொல்லி வருகின்றன. ‘வெயிட்’ நடத்தும் அதே நாளில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, ‘சிக்ஆக்‌ஷன்’ பயிற்சி ஒன்றும் பிங் லூப் ஒன்றும் செய்து காட்டுமாறு இந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களிடம் கேட்பது இதுதான்: நிரல் நிற்காவிட்டால் இன்னொரு டெர்மினலைத் திறந்து ‘பி.எஸ்.’ போட்டு நிலைப் பத்தியைப் பாருங்கள். பிறகு 15-ஆம் எண் சிக்-டெர்ம் அனுப்பிச் சில நொடி பொறுங்கள். அதற்குப் பிறகும் அசையாதவற்றுக்கு மட்டும் 9-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.